‘அனுப்பியாச்சு’ என்று காட்டியது, மெயில் மட்டும் போய்ச் சேரவில்லை

ஹட்டனிலிருந்து

சிவனொளிபாதமலை சீசன் உந்துவப் போயாவில் (டிசம்பர் பௌர்ணமி) தொடங்கி மே மாத வெசாக் வரைக்கும். போன சீசனின் முதல் வாரத்தில் நடந்ததை எழுதுகிறேன். இணையத்தளம் எழுதும் பிஎச்பி என்ற நிரல்மொழியில் வேலை செய்யும் நம்ம பக்கத்துப் பிள்ளைகள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மெயில் விஷயத்தில் நீங்கள் பட்டதையும் சொல்லுங்கள். ஒருத்தர் பட்ட பாட்டை இன்னொருத்தர் படாமல் இருக்கட்டும்.

நல்லதண்ணியில் ஆறு அறை உள்ள ஒரு தங்குமிடத்துக்கு லாராவெலில் (பிஎச்பி-யில் தளம் கட்ட உதவும் ஒரு சட்டகம்) முன்பதிவுத் தளம் செய்து கொடுத்திருந்தேன். பதிவு செய்தவருக்கு உடனே உறுதி மெயில் போகும். அதிலுள்ள பொத்தானை அழுத்தினால் பதிவு எண், அறை, வரும் நேரம் எல்லாம் திறக்கும். மலையேற வருகிறவர்களில் சிங்களக் குடும்பங்கள்தான் அதிகம். அதனால் மெயிலை சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் தயார் செய்து, பதிவின்போது எந்த மொழியைத் தெரிவு செய்கிறாரோ அதை லொக்கேல் (மொழி அமைப்பு) ஆகக் கொடுத்தேன். அது அழகாக வேலை செய்தது. என் முழுக் கவனமும் அதிலேயே போய்விட்டது.

இரவு பதினொரு மணிக்கு முதலாளி ஐயாவிடமிருந்து போன். “தம்பி, ஒரு குடும்பம் வாசல்ல நிக்குது. புக் பண்ணிட்டோம்னு சொல்றாங்க, ஆனா அவங்க போன்ல ஒண்ணும் தொறக்கல. கைக்குழந்தை இருக்கு, மழை வேற.” ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கி, நோர்வூட், மஸ்கெலியா தாண்டி பஸ்ஸில் வந்து சேர்ந்தவர்கள். டேட்டாபேஸைத் திறந்து அறை எண்ணைப் போனிலேயே சொன்னேன். அவர்கள் உள்ளே போன பிறகு, அந்த மெயிலைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். பொத்தானின் முகவரி ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றிருந்தது.

அதாவது, அந்த மனிதரின் போனிடமே போய் “என் பதிவைக் காட்டு” என்று கேட்கும் முகவரி. அதில் எங்கே இருக்கும்?

இத்தனை நாளும் என் கண்ணில் இது ஏன் படவில்லை என்று விடிய விடிய யோசித்தேன். மெயிலை கியூவில், அதாவது பின்னணியில் அனுப்புவதற்கான வரிசையில், போட்டிருந்தேன். ஒரு பக்கத்தை பிரவுசரில் திறக்கும்போது, வந்த கோரிக்கையிலிருந்தே தளத்தின் பெயரை லாராவெல் எடுத்துக்கொள்ளும். அந்த வரிசையை எடுத்து அனுப்பும் நிரலான கியூ வேர்க்கர் பின்னால் தனியாக ஓடுகிறது, அதற்குக் கோரிக்கை என்று எதுவும் இல்லை. அது தளத்தின் அமைப்புகளை வைத்திருக்கும் டாட் என்வ் கோப்பில் உள்ள ஆப் யூஆர்எல் என்ற முகவரி வரியைத்தான் பார்க்கும். சர்வரில் ஏற்றும்போது அந்த ஒரு வரியை மாற்றாமல் விட்டிருந்தேன். சோதனை மெயில்களை என் லெப்டொப்பில்தான் திறந்து பார்த்தேன். அதில் லோக்கல்ஹோஸ்ட் திறக்கும், ஏனென்றால் தளத்தின் இன்னொரு பிரதி அங்கே ஓடிக்கொண்டிருந்தது. என்னிடம் மட்டும் வேலை செய்கிற பொத்தானை ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறேன்.

திருத்தியதும் சரியாகவில்லை. டாட் என்வ்வில் முகவரியை மாற்றினேன், அடுத்த மெயிலிலும் லோக்கல்ஹோஸ்ட். கான்ஃபிக் கேஷ் (அமைப்புகளின் சேமித்த நகல்) போட்டு வைத்திருந்தால் லாராவெல் டாட் என்வ்வைத் திரும்பிப் பார்க்காது, பழைய நகலையே படிக்கும். லாராவெலின் கட்டளைக் கருவியான ஆர்ட்டிசனில் கான்ஃபிக் கிளியர் கொடுத்து, மறுபடி கேஷ் செய்தேன். அதற்கும் அடுத்த மெயிலிலும் அதே! வேர்க்கர் தொடங்கியபோது நினைவில் ஏற்றியதை வைத்தே நாள்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. கியூ ரீஸ்டார்ட் கொடுத்தபோதுதான் தீர்ந்தது. அந்தக் கட்டளை கையிலுள்ள வேலையை முடித்துவிட்டு நின்றுகொள் என்று மட்டும்தான் சொல்லும், மறுபடி எழுப்பிவிட சூப்பர்வைசர் மாதிரி ஒரு நிரல் இருக்க வேண்டும். மூன்று பூட்டுக்கு மூன்று சாவி.

போன மெயிலைத் திருப்பி எடுக்க முடியாது. அந்த வாரம் பதிவு செய்திருந்த எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்டு இரண்டாவது மெயில் அனுப்பினேன். கைக்குழந்தையோடு வந்தவர்களிடம் ஐயா என் சார்பில் மன்னிப்புக் கேட்டு, காலையில் தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை.

பண்டாரவளையிலிருந்து

தம்பி, படிக்கும்போதே நெஞ்சு பதைத்துவிட்டது. நான் சொல்லப்போவதில் யாரும் மழையில் நிற்கவில்லை, ஆனாலும் எனக்கு அது பெரிய விஷயம்.

இங்கே ஒரு தனியார் கல்வி நிலையத்துக்கு மாணவர் பதிவும் பெறுபேறு அறிவித்தலும் செய்தேன். தோட்டத்துப் பெற்றோர் பலருக்கு மெயில் பழக்கமில்லை. கொழும்பில் வேலை செய்யும் அண்ணனோ அக்காவோ தங்கள் முகவரியைக் கொடுத்து, வரும் மெயிலை அப்படியே வீட்டு வட்ஸ்அப்புக்கு அனுப்புவார்கள். ஆகவே நான் அனுப்பும் மெயில் கடைசியில் லயத்து வீட்டில் ஒரு அம்மாவின் கையில் போய் நிற்கும். அதனால் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன்.

லாராவெலின் நோட்டிஃபிகேஷன் (தானாகப் போகும் அறிவித்தல்) மெயிலில் நாம் எழுதும் வரிகள் மட்டும்தான் தமிழில் வரும். மேலே ‘ஹலோ’, கீழே ‘ரிகார்ட்ஸ், லாராவெல்’ என்று அது தானாகப் போட்டுக்கொள்ளும். நான் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். ஒரு அம்மா நிலையத்துக்குப் போன் எடுத்து, “கடைசியில பேர் போட்டிருக்கே, லாராவெல்னு, அவர் புதுசா வந்த சாருங்களா? மகனப் பத்தி அவருகிட்ட பேசணும்” என்று கேட்டிருக்கிறார். நம்பி வாசித்த மெயிலில் ஆளே இல்லாத ஒரு கையெழுத்து. அன்றைக்கு எனக்கு மனசே ஆறவில்லை.

திருத்துவது கஷ்டமில்லை. ஆப் நேம் என்ற வரியில் நிலையத்தின் பெயர். மொழிக் கோப்புகள் இருக்கும் லாங் கோப்புறையில் தமிழுக்கு ஒரு ஜேசன் கோப்பு வைத்து, அந்த ஆங்கில வாசகங்களையே சாவியாகப் போட்டு, எதிரே தமிழ். பொத்தானுக்கு அடியில் ‘அழுத்த முடியாவிட்டால் இந்த முகவரியை ஒட்டவும்’ என்று பொடி எழுத்தில் ஒரு நீண்ட வாசகம் வருமே, அதையும் மறக்காதீர்கள். அதன் சாவியில் ஒரு புள்ளி மாறினாலும் மொழிபெயர்ப்பு எடுபடாது. பெறுபவரின் விருப்ப மொழியைச் சொல்லும் இன்டர்ஃபேஸ் ஒன்று லாராவெலில் இருக்கிறது. அதை யூசர் மாடலில் (பயனர் விவரத்துக்கான நிரல்) சேர்த்துவிட்டால் ஒவ்வொரு மெயிலிலும் லொக்கேல் எழுத வேண்டியதில்லை. வடிவத்தையே மாற்ற வேண்டுமென்றால் வெண்டர் பப்ளிஷ் கட்டளை கொடுத்து டெம்ப்ளேட்களை (மெயிலின் வடிவக் கோப்புகளை) வெளியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மார்க்டவுன் (எளிய குறிகளால் வடிவமைக்கும் முறை) டெம்ப்ளேட்டில் அழகுக்காக வரிகளை உள்ளே தள்ளி எழுதாதீர்கள். நான்கு இடைவெளி விட்டால் அதை நிரல் துண்டு என்று நினைத்து, சாம்பல் பெட்டிக்குள் போட்டுவிடும்.

அடுத்தது மெயிலின் தலைப்பு. நீளமான தலைப்பை, எழுத்துத் தொடரை வெட்டும் சப்ஸ்டிரிங் என்ற பிஎச்பி கட்டளை கொண்டு வெட்டியிருந்தேன், மெயிலில் கடைசி எழுத்து கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாக வந்தது. ‘தேயிலை’ என்ற சொல்லையே எடுங்கள். நம்ம கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துத் தரமான யூனிகோடில் த, ஏகாரக் குறி, ய, இகரக் குறி, ல, ஐகாரக் குறி என்று ஆறு. அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 18. சாதாரண சப்ஸ்டிரிங் பைட்டை எண்ணும். 16இல் வெட்டினால் ஐகாரக் குறியின் ஒரு துண்டு மட்டும் மிஞ்சி, கேள்விக்குறியாகும். பைட்டுக்குப் பதில் யூனிகோட் குறிகளை எண்ணும் எம்பி சப்ஸ்டிரிங்கில் ஐந்து என்று கொடுத்தால் கேள்விக்குறி வராது, ஆனால் ‘தேயில’ என்று நிற்கும். ‘கொ’ என்பது ‘க’ ஆகிவிட்டால் பிள்ளையின் பெயரே மாறிவிடும். பிஎச்பி-யின் இன்டில் என்ற கூடுதல் தொகுதியில் உள்ள கிராஃபீம் சப்ஸ்டிரிங்தான் நாம் எண்ணுவது போல எண்ணுகிறது. இப்போது நான் அதைத் தவிர வேறு எதையும் தமிழ்த் தலைப்பில் தொடவிடுவதில்லை.

தலவாக்கலையிலிருந்து

அக்கா சொன்னது எல்லாம் லாராவெல். என்னுடையது பழைய கோட்இக்னைட்டர் 3, லாராவெல் போல இன்னொரு பிஎச்பி சட்டகம். நானுஓயாவில் தேயிலைப் பொதி விற்கும் சிறு கடைக்காரருக்கு, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு பில் அனுப்பும் வசதி. மெயில் அனுப்பும் முறையான எஸ்எம்டிபி வழியில் சர்வரோடு இணைப்புக் கிடைக்கும், பிறகு பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து டைம்அவுட் ஆகும். கடவுச்சொல்லை மாற்றினேன், இணைப்பு வாயிலான போர்ட்டை 465, 587 என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். இரண்டு நாள் போனது.

குற்றம் ஒற்றை மேற்கோளில். நியூலைன் அமைப்பில் பின்சாய்கோடு ஆர், பின்சாய்கோடு என் என்று எழுதுகிறோமே, அதை இரட்டை மேற்கோளுக்குள் போட்டால்தான் பிஎச்பி அதை வரிமுடிவாக மாற்றும். ஒற்றை மேற்கோளில் அது வெறும் நான்கு எழுத்து. எதிர்முனைச் சர்வர் வரி முடியும் என்று காத்துக்கொண்டே இருக்கும், நாம் பதிலுக்குக் காத்துக்கொண்டே இருப்போம். மேற்கோளை மாற்றிய அடுத்த நொடி மெயில் போய்விட்டது.

பதுளையிலிருந்து

எல்ல பக்கத்து ஹோம்ஸ்டே ஒன்றின் விசாரணைப் படிவம் என் கைக்கு வந்தது. முன்பு செய்தவர் வேறு ஆள். ஹோம்ஸ்டே நடத்தும் அண்ணனின் குறை என்னவென்றால், விசாரணைகள் பாதி ஸ்பேமில் கிடக்கின்றன, சிலது வருவதே இல்லை.

படிவத்தை நிரப்பும் விருந்தினரின் முகவரியையே அனுப்புநர் இடமான ‘ஃப்ரம்’மில் போட்டிருந்தார்கள். பதில் அனுப்ப வசதி என்று நினைத்திருப்பார்கள். ஆனால் நம்ம சர்வர் இன்னொருவர் பெயரில் கடிதம் போடுகிற மாதிரிதான் அது. யாகூ 2014இலேயே டிமார்க் (தன் பெயரில் வரும் போலி மெயிலை என்ன செய்வது என்று டொமைன் சொல்லும் விதி) கொள்கையை ரிஜெக்ட் என்று வைத்துவிட்டது. யாகூ முகவரி வைத்திருப்பவர் படிவம் நிரப்பினால், அந்த மெயிலை வாசலிலேயே திருப்பிவிடச் சொல்லும் கொள்கை அது. வராமலே போனவை எவை என்று பார்த்தேன். டேட்டாபேஸில் பதிவாகி மெயிலில் வராதவை அநேகமாக யாகூ முகவரிகள். அண்ணன் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு வரியும் அவருக்கு இரண்டு நாள் வாடகை.

ஃப்ரம்மில் எப்போதும் நம்ம டொமைன் முகவரி, விருந்தினரின் முகவரி ‘ரிப்ளை டு’வில். இதுதான் சரி. கூடவே டொமைனின் பதிவேடான டிஎன்எஸ்ஸைப் பார்த்தேன். எஸ்பிஎஃப் பதிவு (எந்தச் சர்வர்கள் நம்ம பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல்) இரண்டு இருந்தது, மெயில் சேவையை மாற்றியபோது பழையதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் சோதனையே பிழை என்று முடியும். இரண்டையும் ஒன்றாக்கி, மெயில் நம்ம டொமைனிலிருந்துதான் வந்தது என்று உறுதிசெய்யும் டிகிம் கையெழுத்தையும் சேர்த்தேன். 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் இந்த விஷயத்தில் கடுமையாகிவிட்டன. நாளுக்கு 5000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வேண்டும். ஆறு அறை வைத்திருப்பவருக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது இல்லாமல் சரிவராது.

தனி ஜிமெயிலை எஸ்எம்டிபியாக வைத்திருக்கும் தம்பிமார் ஒன்றைக் கவனியுங்கள். 2022 மே மாதத்திலிருந்து சாதாரணக் கடவுச்சொல் அங்கே செல்லாது. இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுக்க வேண்டும். அந்த ஜிமெயில் கணக்கில் சேர்த்து உறுதிசெய்யாத வேறு முகவரியை ஃப்ரம்மில் எழுதினால், அது உங்கள் ஜிமெயில் முகவரியாகவே மாறிவிடும்.

நுவரெலியாவிலிருந்து

சிறிய சேர்க்கை. மெயிலோடு தமிழில் பிடிஎஃப் ரசீது இணைக்கிறவர்கள் டொம்பிடிஎஃப் என்ற பிடிஎஃப் செய்யும் பிஎச்பி நிரல்தொகுப்பைப் பயன்படுத்தாதீர்கள். ‘கொழுந்து’ என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் விழும். தமிழ் எழுத்தைக் கோர்க்க அதற்குத் தெரியாது. நான் எம்பிடிஎஃப் என்ற இன்னொரு தொகுப்புக்கு மாறி, எழுத்துரு அமைப்பில் எழுத்தைக் கோர்க்கும் ஓடிஎல் வசதியை இயக்கிய பிறகு கொம்பு தன் இடத்துக்கு வந்தது.

ஹட்டனிலிருந்து

அக்கா, அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி. ரிப்ளை டு விஷயத்தை வாசித்ததும் என் படிவத்தைத் திறந்து பார்த்தேன், நானும் அதே தவறைச் செய்திருக்கிறேன். இன்றைக்கே மாற்றிவிட்டேன்.

பரிசோதனையை எப்படிச் செய்கிறேன் என்று தனிச்செய்தியில் ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். நிரல் எழுதும்போது மெயிலரை (மெயில் அனுப்பும் வழியை) லாக் என்று வைத்திருப்பேன், மெயில் வெளியே போகாமல் லாக் கோப்பில் விழும். வடிவம் பார்க்க, சோதனை மெயிலைப் பிடித்துக் காட்டும் மெயில்பிட் என்ற கருவி. சர்வரில் ஏற்றியதும், தளத்தின் பிரதி எதுவும் ஓடாத ஒரு போனுக்குத்தான் முதல் மெயில். அது டிக்கோயாவில் இருக்கும் அம்மாவின் போன். அங்கே சிக்னல் ஒரு கோடுதான் வரும். போன வாரம் அம்மா, “பொத்தான் வருது, மேல உள்ள படம் சுத்திக்கிட்டே இருக்கு” என்றார். முதலாளி ஐயா கொடுத்த மலைப் படத்தை அப்படியே போட்டிருந்தேன், இரண்டு மெகாபைட்டுக்கு மேல். அதைச் சுருக்கி, படம் வராவிட்டாலும் தெரியும்படி பதிவு எண்ணையும் ஐயாவின் போன் இலக்கத்தையும் மெயிலின் முதல் வரியிலேயே எழுத்தாக வைத்தேன். மறுபடி அனுப்பினேன். இந்த முறை அம்மா பதிவு எண்ணைப் போனிலேயே எனக்கு வாசித்துக் காட்டினார்.