மறு: கெய்ர்ன் – பதுக்கையா, கற்குவையா?

வணக்கம். 'கெய்ர்ன்' (cairn), அதாவது ஈமச் சின்னத்தின் மேல் குவித்த கல்மேடு, அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> பதுக்கை என்றே வைத்துக்கொள்ளலாமே. சங்க இலக்கியத்திலேயே இருக்கிற சொல்தானே?

இருக்கிறது. அம்பு பட்டு வீழ்ந்தவர்கள் மேல் கல்லைக் குவித்து மூடியதைப் புறநானூறு பதுக்கை என்றுதான் சொல்கிறது. ஆனால் பலகைக் கற்களை நிறுத்தி நிலத்துக்குள் அமைக்கும் பெட்டி போன்ற அறைக்கு நம் தொல்லியலார் 'கற்பதுக்கை'யை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அதையே கெய்ர்னுக்கும் வைத்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம்.

நாம் கட்டுரை எழுதப்போவது அயர்லாந்தின் மீத் மாவட்டத்து லாக்ரூ குன்றுகளைப் பற்றி. அங்கே 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஈமச் சின்னங்கள் உச்சிக்கு உச்சி கிடக்கின்றன. கிழவி ஒருத்தி மலைக்கு மலை தாவியபோது மடியிலிருந்து சிந்திய கற்கள் என்பது ஊர்க்கதை. 1860களில் யூஜீன் கான்வெல் ஒவ்வொன்றுக்கும் ஆங்கில எழுத்து ஒன்றைப் பெயராக வைத்தார். பெரியவற்றுள் ஒன்றான 'டி'யில் (T) சுற்றிலும் விளிம்புக்கற்கள், உள்ளே போக ஒரு குறுகிய வழி, அது முடியும் இடத்தில் சிலுவை வடிவ அறை. சம இரவு நாட்களை ஒட்டி உதயவெயில் அந்த வழியாக நுழைந்து, பின்சுவர்க் கல்லில் செதுக்கிய கதிர்வட்டங்கள் மேல் விழும்.

> பாதி இடிந்தவைதானே, 'கற்குவியல்' போதாதா?

இடிந்தவையாக இருப்பதால்தான் போதாது. 'டி'யைச் சுற்றியுள்ள சிறியவற்றுக்குக் கூரையும் இல்லை, மேலே குவித்த கல்லும் பெரும்பாலும் இல்லை. வழியின் இரு பக்கத்துக் கற்கள் மட்டும் வெட்டவெளியில் நிற்கின்றன. குவியலே இல்லாததை எப்படிக் குவியல் என்பது? படத்தை மட்டும் பார்ப்பவர் கல்திட்டை (நிலத்துக்கு மேலே பலகைக் கற்களை நிறுத்தி மூடுகல் வைத்த அறை) என்றுகூடச் சொல்லிவிடுவார்.

ஆகவே இரண்டு சொல் வேண்டும் என்கிறேன். மேலே குவித்த கல்மேட்டுக்குக் 'கற்குவை'. உள்ளே வழியும் அறையும் கொண்ட அமைப்புக்கு, அதாவது பாசேஜ் டூமுக்கு, 'இடைகழிக் கல்லறை'. வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே ரேழி என்கிறோமே, அந்த இடைகழிதான். ஆழ்வார்கள் மூவர் மழைக்கு ஒதுங்கி நெருக்கியடித்து நின்ற திருக்கோவலூர் இடைகழி நினைவுக்கு வந்தால் அகலமும் பிடிபட்டுவிடும்! 'நடைபாதைக் கல்லறை' என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது சாலையோரத்தைத்தான் காட்டுகிறது.

இப்படி வைத்தால் 'கற்குவை கலைந்த இடைகழிக் கல்லறை' என்று குழப்பமில்லாமல் எழுதலாம். அதே அயர்லாந்தின் நாக்னரே மலை மேல் இன்னும் அகழப்படாமல் இருக்கும், பழங்கதை அரசி மேவின் பெயரால் வழங்கும் மேட்டை, உள்ளே இடைகழி இருக்கும் என்று ஊகித்தாலும், இப்போதைக்குக் கற்குவை என்றே எழுதலாம்.

மேட்டைச் சுற்றி நிற்கும் கல்லுக்கு (kerbstone) 'விளிம்புக்கல்' என்பதில் எனக்கு மறுப்பில்லை. பேச்சு வழக்கில் 'ஓரக்கல்' என்பாரும் உண்டு, இரண்டில் எது என்று மற்றவர்கள் சொல்லட்டும்.