குழந்தைக்கு ஷூ: கடையிலா, கைபேசியிலா?

தாம்பரத்தான்:
பள்ளி திறக்க இன்னும் ஒன்பது நாள். மகனுக்குக் கறுப்பு ஷூ ஆன்லைனில் இரண்டு முறை வரவழைத்தாயிற்று. முதல் ஜோடி கடித்தது. இரண்டாவது, நடந்தால் குதிகாலில் கழன்று வருகிறது. பெட்டியில் போட்டிருந்த எண் இரண்டிலும் ஒன்றுதான், நிறுவனம்தான் வேறு. எங்கள் சிறுவயதில் மே மாதக் கடைசியில் அப்பா எங்கள் மூவரையும் ரயிலேற்றி, மாம்பலத்தில் இறக்கி, ரங்கநாதன் தெருவுக்குள் இழுத்துக்கொண்டு போவார். கடைக்காரர் காலைப் பிடித்து மாட்டிவிட்டு, "நடந்து காட்டு தம்பி" என்பார். இப்போதைய பெற்றோருக்கு எல்லாம் படுத்த இடத்துக்கே வர வேண்டும். குழந்தைகளின் பொருளையாவது நேரில் போய் வாங்கக்கூடாதா?

இருபிள்ளைத்தாய்:
படுத்துக்கொண்டுதான் வாங்குகிறேன், ஐயா. இரவு பதினொன்றரைக்கு, சின்னவள் என் இடது கையின்மேல் தூங்கும்போது, வலது கட்டைவிரலால். எனக்கு வாய்க்கும் ஒரே கடைவேளை அது. போன தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு நீங்கள் சொல்லும் அதே தெருவுக்குப் போனேன். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, தோளில் பை. சின்னவளின் ஒற்றைச் செருப்பு கூட்டத்தில் எங்கோ விழுந்துவிட்டது. குனிந்து தேடவா முடியும்? சட்டை வாங்கப் போய்ச் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தோம்.

கணக்குப்பிள்ளை:
நேரம் மிச்சம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். பணமும் மிச்சம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். போன வாரம் டயபர் வாங்கினேன். 76 எண்ணிக்கை கொண்ட "சேமிப்புப் பொதி" 899 ரூபாய், அதாவது ஒன்று 11 ரூபாய் 83 காசு. பக்கத்திலேயே 42 கொண்ட சின்னப் பொதி 462 ரூபாய், ஒன்று சரியாக 11 ரூபாய். சேமிப்பது யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொதியின்மேல் ஒன்றின் விலையையும் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் அது அதிகபட்ச சில்லறை விலையை வைத்துப் போட்ட கணக்கு. தள்ளுபடி போக என்ன என்பதை நாம்தான் வகுக்க வேண்டும். பதினொன்றரை மணிக்கு யார் வகுக்கிறார்கள்? "இன்னும் 2 மட்டுமே உள்ளன" என்று பொய்யாக அவசரப்படுத்துவதையும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதையும் 2023 நவம்பரிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. ஆனாலும் என் கூடைக்குள் ஒரு ஈரத் துடைப்பான் பொட்டலம் தானாக வந்து உட்கார்ந்திருந்தது.

கோவைக்காரன்:
எங்கள் பள்ளியில் இந்தக் குழப்பமே கிடையாது. ஷூ, சீருடை, பை எல்லாம் அவர்கள் சொல்லும் கடையில்தான். விலையும் அவர்கள் சொல்வதுதான்.

இருபிள்ளைத்தாய்:
கணக்குப்பிள்ளை, கடையில் மட்டும் கணக்குப் போட விடுகிறார்களா? பணம் கட்டும் இடத்தில், சரியாக மூன்று வயதுக் குழந்தையின் கண்மட்டத்தில், விளக்கெரியும் பொம்மையைத் தொங்கவிடுகிறார்கள். அது அழத் தொடங்கினால் வகுத்தலாவது பெருக்கலாவது. 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். தெருவோரக் குவியலில் எதிலாவது அதைப் பார்த்திருக்கிறீர்களா? கைபேசியிலாவது படத்தைப் பெரிதாக்கித் தேடலாம்.

பெரம்பூர் செருப்புக்கடை:
22 வருடமாக இதே தொழில் செய்கிறேன், அதனால் ஷூவைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பெட்டியில் உள்ள எண் நீளத்துக்கானது. அகலம் அதில் தெரியாது. தைக்கும்போது உள்ளே வைக்கும் கால் அச்சு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால்தான் ஒரே எண்ணில் ஒன்று கடிக்கிறது, இன்னொன்று கழல்கிறது. நுனியை அழுத்திப் பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். அழுத்தும்போது பிள்ளை விரலைச் சுருக்கிக்கொள்ளும், இடம் இருப்பதுபோல் ஏமாற்றும். உள்ளே இருக்கும் மெத்தையை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் பிள்ளையை நிற்க வையுங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் பெரியவர்களின் கட்டைவிரல் அகலம் மிஞ்ச வேண்டும். இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது. பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். "சரியாக இருக்கிறதா?" என்று பிள்ளையிடம் கேட்டுப் பயனில்லை. ஷூ பிடித்துவிட்டால் கடித்தாலும் சரி என்றுதான் சொல்லும்.

இந்த அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பலகை மாட்டியிருந்தவன்தான் நானும். ஆன்லைன் வந்த பிறகு கழற்றிவிட்டேன்.

தாம்பரத்தான்:
அப்படிச் சொல்லுங்கள், அண்ணாச்சி. இதைத்தான் நானும் சொன்னேன்.

இருபிள்ளைத்தாய்:
ஒரு சந்தேகம், தாம்பரத்தாரே. அந்த இரண்டு ஜோடியையும் ஆர்டர் செய்தது யார்?

தாம்பரத்தான்:
மனைவி. ஏன்?

இருபிள்ளைத்தாய்:
திருப்பி அனுப்பியது?

தாம்பரத்தான்:
முதல் ஜோடியை அவர்தான் அனுப்பினார். இரண்டாவது இன்னும் வீட்டில் இருக்கிறது. அவரும் வேலைக்குப் போகிறவர், நேரம் கிடைக்கவில்லை.

இருபிள்ளைத்தாய்:
உங்களை மாம்பலத்தில் இறக்கிக் கூட்டிப்போனது அப்பா என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே போய் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
தாம்பரத்தாருக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் டயபர் வாங்குவது நான்தான். எல்லா அப்பாக்களையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

இருபிள்ளைத்தாய்:
கட்டவில்லை. கேள்வி அவருக்கு மட்டும்தான்.

தாம்பரத்தான்:
படித்தேன். அண்ணாச்சி, கடை ஞாயிற்றுக்கிழமை உண்டா?

பெரம்பூர் செருப்புக்கடை:
உண்டு. மாலை ஐந்துக்கு மேல் வாருங்கள், நாளெல்லாம் ஓடியாடிய பிறகு கால் சற்று உப்பியிருக்கும், அப்போது பார்ப்பதுதான் சரி. பள்ளிக்குப் போடும் காலுறையை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

தாம்பரத்தான்:
அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்.