சான்டா பார்பரா மிஷன் கல்லறைத் தோட்டம்: ஹுவானா மரியா பலகையைப் படமெடுப்பது எப்படி?

கேள்வி: கரையோரம்

வணக்கம். கலிபோர்னியாவின் சான்டா பார்பரா மிஷன் (1786-ல் ஸ்பானியர் தொடங்கிய கத்தோலிக்க மதப்பரப்பு மையம், மாநில வரலாற்றுச் சின்னம் எண் 309) பற்றித் தமிழில் ஒரு கட்டுரை தயாராகிறது. அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் ஹுவானா மரியாவுக்கு (கலிபோர்னியா கரைக்கு அப்பால் ஒரு தீவில் பல ஆண்டு தனியாக வாழ்ந்த பூர்வகுடிப் பெண்) 1928-ல் வைத்த பலகையையும், பழைய கற்களில் தேய்ந்துபோன எழுத்துகளையும் படிக்கிற மாதிரி படமெடுக்க வேண்டும். காகிதம் வைத்துத் தேய்த்துப் படி எடுக்கலாமா? அவர் கல்லறை சரியாக எந்த இடம்? மிஷன் அடக்கப் பதிவுகளின் இணையத் தரவுத்தளத்தில் அவர் பெயர் அகப்படவில்லை.

பதில் 1: நிழல்மானி

தேய்த்துப் படி எடுக்கவே வேண்டாம். மணற்கல்லின் மேல்தோல் உள்ளே உப்பேறி ஏடு ஏடாகப் பிரிந்து நிற்கும். வெளிப்பார்வைக்குத் தெரியாது, கை அழுத்தினால் எழுத்தோடு உதிரும். சுண்ணாம்புக்கட்டி, மாவு, ஷேவிங் நுரை எதையும் பூசாதீர்கள். நுரையிலுள்ள அமிலம் கல்லுக்குள் தங்கிவிடும், மாவு பூஞ்சைக்குத் தீனி.

வெளிச்சத்தை வைத்தே வேலையை முடிக்கலாம். ஒரு ஆள் உயரக் கண்ணாடியை வெயிலில் பிடித்து, ஒளி கல்லின் முகத்தை உரசிக்கொண்டு பக்கவாட்டில் ஓடும்படி திருப்புங்கள். 10 முதல் 15 டிகிரி சாய்வு போதும். குழிந்த எழுத்துக்குள் நிழல் விழுந்ததும் வாசகம் தானாக எழுந்து வரும். இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம், மேலிருந்து ஒன்று எடுங்கள். ஒரே திசையில் எடுத்தால் அந்தத் திசையில் ஓடும் கோடுகள் காணாமல் போகும். 1-ம் 7-ம் குழம்புவது அப்படித்தான்.

உலோகப் பலகைக்கு வேறு முறை. ஃபிளாஷ் கூடாது. வானத்தின் பிரதிபலிப்புதான் எழுத்தை மறைக்கிறது, அதனால் எதிரே ஒருவர் கறுப்புத் துணியை விரித்துப் பிடிக்கட்டும். லென்ஸ் பலகையின் நடு உயரத்தில் இருந்தால் வரிகள் சாயாது.

பதில் 2: ஏட்டுப்பூச்சி

தரவுத்தளத்தில் அகப்படாததற்குக் காரணம் எளிது. ஹண்டிங்டன் நூலகத்தின் அந்தத் தொகுப்பு 1769 முதல் 1850 வரைதான். ஹுவானா மரியா இறந்தது 1853 அக்டோபரில். அவருடைய பதிவு மிஷனின் அடக்கப் பதிவேட்டில்தான் இருக்கிறது. அவர் மொழி புரிந்தவர் ஒருவரும் இல்லாததால் நிபந்தனை ஞானஸ்நானம் ('முன்பே பெற்றிருக்காவிட்டால்' என்ற நிபந்தனையோடு தருவது) கொடுக்கப்பட்டதாக அதில் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியைக் கட்டுரையில் கட்டாயம் சேருங்கள்.

1850-க்கு முந்தையவர்களைத் தேடும்போது பெயரை நம்பாதீர்கள், ஞானஸ்நான எண்ணைப் பிடியுங்கள். ஊர்ப் பெயரையும் பூர்வகுடிப் பெயரையும் பாதிரியார்கள் காதில் விழுந்தபடி ஸ்பானிய எழுத்தில் எழுதினார்கள். ஒரே பெயர் ஜி, ஜே, எக்ஸ் என மூன்று எழுத்திலும் தொடங்கும். அடக்கப் பதிவில் பெரும்பாலும் ஞானஸ்நான எண் குறித்திருக்கும். அதைக் கொண்டு பின்னோக்கிப் போனால் பெற்றோர், ஊர், வயது எல்லாம் வரும்.

பதில் 3: தீவுக்கல்

இடம் பற்றி: பலகை இருக்குமிடம் கல்லறை அல்ல. அவர் கல்லறைக்கு அடையாளக் கல் கிடையாது. படத்துக்குக் கீழே 'ஹுவானா மரியாவின் கல்லறை' என்று போட்டால் தவறு. 'நினைவுப் பலகை' என்று போடுங்கள்.

இன்னொரு பிழையும் அடிக்கடி நடக்கிறது. அந்தத் தோட்டத்தில் அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான சுமாஷ் மக்கள் சுமார் 4,000 பேர் அடக்கமாகியிருப்பதால் இவரையும் சுமாஷ் என்று எழுதிவிடுகிறார்கள். இவர் சான் நிக்கோலஸ் தீவின் நிக்கோலென்யோ இனம். 1835-ல் தீவு மக்களைக் கப்பலில் ஏற்றியபோது இவர் மட்டும் நின்றுபோனார், 18 ஆண்டு தனியாக வாழ்ந்தார். 1853-ல் ஜார்ஜ் நைட்வர் என்ற வேட்டைக்காரர் கரைக்கு அழைத்துவந்தார். ஏழு வாரத்தில் வயிற்றுப்போக்கில் இறந்தார். ஹுவானா மரியா என்பது ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். அவருடைய சொந்தப் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

பலகை வாசகத்தை உள்ளபடியே, வரி முறியும் இடத்தில் சாய்கோடு போட்டு எடுத்தெழுதுங்கள். நிறுவிய அமைப்பு, ஆண்டு இரண்டையும் விடாதீர்கள். 1928-ன் சொற்கள் 1928-ன் பார்வை. உங்கள் விளக்கம் தனிப் பத்தியாக நிற்கட்டும்.

கரையோரம்: மிக்க நன்றி. 4,000 பேர் என்றால் கற்கள் ஏன் இவ்வளவு குறைவு?

ஏட்டுப்பூச்சி: கல் வைத்தது வசதியுள்ள குடும்பங்களுக்கு. அந்த மக்களின் பெயர்கள் பதிவேட்டில்தான் இருக்கின்றன. அதனால் கல்லை மட்டும் படமெடுத்துத் திரும்பாமல், பதிவேட்டிலிருந்து பத்துப் பெயராவது கட்டுரையில் போடுங்கள்.