மந்த வாயு, அரிய வாயு, தன்னிறைவு வாயு: எதை ஏற்பது?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நம் வேதியியல் கலைச்சொல் பட்டியலில், ஹீலியம், நியான், ஆர்கான், செனான் முதலிய 18ஆம் தொகுதித் தனிமங்களுக்கு ‘மந்த வாயு’ (வினைபுரியாத வாயு) என்ற பழைய பெயரே போதும் என்று தருமபுரி நண்பர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறித்துவிடுவதைக் கண்ட வேதியியலாளர் நீல் பார்ட்லெட், செனானின் அயனியாக்கும் ஆற்றலும் (ஓர் எலக்ட்ரானைப் பறிக்கத் தேவையான ஆற்றல்) ஏறத்தாழ அதே அளவுதான் என்பதால் செனானும் தப்பாது என்று கணித்து, 1962இல் இரண்டையும் சேர்த்துப் புதிய சேர்மத்தைப் பெற்றார். அதே ஆண்டில் செனான் டெட்ராஃபுளூரைடும் வந்துவிட்டது. உலர்ந்தால் வெடிக்கக்கூடிய செனான் ட்ரைஆக்சைடை ‘மந்த வாயுவின் சேர்மம்’ என்று மாணவரிடம் சொல்ல எனக்கு நாக் கூசுகிறது.

‘அரிய வாயு’ என்பதும் பொருந்தாது. காற்றில் ஆர்கான் 0.93 விழுக்காடு இருக்கிறது. இது கார்பன் டைஆக்சைடைப் போல இருபது மடங்குக்கும் மேல். ஓசூர்ப் பட்டறைகளில் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) கைப்பிடிகளை ஒட்டும் வேலைக்கே ‘ஆர்கான் வெல்டிங்’ என்றுதான் பெயர். டார்ச்சின் பீங்கான் முனை வழியே வெளிவரும் ஆர்கான்தான் உருகிய உலோகத்தைக் காற்று தீண்டாமல் காக்கிறது. சிலிண்டர் சிலிண்டராகச் செலவாகும் ஒன்றை அரிதென்பது எப்படி?

‘ஓரணு வாயு’ என்னும் பரிந்துரை சற்று நெருங்கி வருகிறது. ஹைட்ரஜன், நைட்ரஜன் ஆகியவற்றின் வாய்பாட்டில் குறியீட்டின் கீழே 2 நிற்க, ஆர்கானுக்கோ தனிமக் குறியீடு மட்டுமே மூலக்கூறு வாய்பாடாகவும் அமைந்துவிடுகிறது. ஆனால் பாதரச ஆவியும் ஓரணுதான். இயற்பியலாரும் அச்சொல்லைத் தன்வெப்ப ஏற்புத்திறன் பாடத்தில் ஏற்கெனவே ஆண்டுவருகிறார்கள்.

எனவே ‘தன்னிறைவு வாயு’ என்பதை முன்வைக்கிறேன். வெளிக்கூட்டில் ஹீலியத்துக்கு 2, நியான் முதல் ரேடான் வரை 8 என எலக்ட்ரான்கள் நிரம்பியிருப்பதை இச்சொல் சுட்டுகிறதே தவிர, வினைபுரியுமா புரியாதா என்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆகவே செனான் சேர்மங்கள் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. சுருக்கம் கருதி ‘நிறைவாயு’ ஆக்கிவிட வேண்டாம், நிறை என்றதும் கிலோகிராம்தான் நினைவுக்கு வரும்.

இன்னொன்று. அதே கலைச்சொல் பட்டியலில் ‘மூலக்கூறு வாய்பாடு’ என்ற தலைப்பின்கீழ் நீர், அம்மோனியா ஆகியவற்றோடு சமையல் உப்பும் இடம்பெற்றிருக்கிறது. உப்பில் தனி மூலக்கூறே கிடையாது. சோடியம், குளோரைடு அயனிகள் 1:1 விகிதத்தில் அடுக்கப்பட்ட படிகம் அது. அதை எளிய விகித வாய்பாட்டின்கீழ் மாற்றிவிடலாம்.