நாற்பது டொலர் றப்பரும் ஆயிரத்து நானூறு டொலர் கணக்கும்: ஏ.டி.வி. அக்ஸில் அனுபவங்கள்

பனிக்காட்டான் (ஒன்ராறியோ)

‘டக், டக், டக்’ என்று சத்தம் வந்தபோது ரயரில் கல் ஏதோ சிக்கியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். இறங்கிப் பார்த்தேன், கல் இல்லை. நேராக ஓடினால் சத்தமும் இல்லை. ஹாண்டிலை இடப்பக்கம் ஒடித்துக் கொஞ்சம் வேகம் கொடுத்தால் மட்டும் வரும். பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று இரண்டு மாதம் ஓட்டினேன்.

லிண்ட்சேக்கு வடக்கே நண்பனும் நானும் சேர்ந்து ஒரு காணி வாங்கி, விறகு இழுக்கவும் பனி தள்ளவும் 2014 மொடல் 500 சிசி ஏ.டி.வி. (காடு மேடெல்லாம் ஓடும் நான்கு சில்லு வண்டி) ஒன்றை 3,800 டொலருக்கு எடுத்திருந்தோம். நான்கு சில்லுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். அப்படியென்றால் 4 அக்ஸில் (சில்லைச் சுற்றும் தண்டு), ஒவ்வொன்றிலும் மடங்கிச் சுற்ற இரண்டு மூட்டு, ஆக 8 மூட்டு, 8 றப்பர் பூட் (மூட்டுக்குள் கிறீஸை மூடி வைக்கிற உறை). வாங்குகிற நேரம் ஓயிலைப் பார்த்தோம், ரயரைப் பார்த்தோம், சீற் கிழிசலைக் காட்டி 200 டொலர் குறைத்தோம். குனிந்து பூட்டை மட்டும் ஒருத்தரும் பார்க்கவில்லை.

ஜாக் போட்டுத் தூக்கினால், முன் வலப்பக்க வெளி பூட் மடிப்போடு ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருக்கிறது. கறுப்புக் கிறீஸ் அவ்வளவும் றிம்மின் உட்பக்கத்தில் விசிறி அடித்திருந்தது. மூட்டுக்குள் மிஞ்சியது மண் குழம்பு.

கடையில் கேட்டேன். கம்பனி அக்ஸில் 460 டொலர், இரண்டு மணித்தியாலக் கூலி 280, அதற்கு மேல் 13 வீதம் வரி. இடப்பக்க பூட்டிலும் வெடிப்பு, போல் ஜாயின்ற்றும் (சில்லைத் தாங்கும் குண்டு மூட்டு) ஆடுகிறது, இரண்டையும் சேர்த்துச் செய்தால் 1,400 வரும் என்றார்கள். பொய் சொன்னார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்!

இணையத்தில் 130 டொலருக்கு வேறு கம்பனி அக்ஸில் ஒன்று எடுத்தேன். சனிக்கிழமை காலை தொடங்கிய வேலை. நட்டுக் கழன்றது, பிரேக்கைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டோம், எல்லாம் சரி. அக்ஸில் மட்டும் டிஃபரன்ஷியலை (எஞ்சின் சக்தியை இரு பக்க அக்ஸிலுக்கும் பிரிக்கிற பெட்டி) விட்டு வரமாட்டேன் என்றது. தண்டைப் பிடித்து இழுத்தேன். பூட்டுக்குள்ளேயே உள் மூட்டுக் கழன்று தொளதொளவென்று ஆடியது. இழுக்கவேண்டியது தண்டை அல்ல, மூட்டின் கிண்ணத்தை. உள்ளே ஒரு சின்ன வளையம் பிடித்துக்கொண்டு நிற்கிறது. முதலில் உள்ளே தள்ளி, பிறகு நேராக வெடுக்கென்று ஒரே இழுவையாக இழுக்கவேண்டும். மூன்றாவது தரம் வந்தது. நான் மல்லாக்க விழுந்தேன், டிஃபரன்ஷியல் ஓயில் சேர்ட்டில்.

அந்த மலிவு அக்ஸிலும் அடுத்த பனிக்காலம் முடியமுன் சத்தம் போடத் தொடங்கிவிட்டது. பழையதை எறியாமல் கராஜில் வைத்திருக்கிறேன். அதைச் சரிபண்ண முடியுமா? இப்படி அனுபவப்பட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கோ.

மணல்மேடு (ஷார்ஜா)

அண்ணா, நான் இங்கே அல் பதாயர் பாலைவனம் பக்கம் வாடகை வண்டிகள் பார்க்கிற மெக்கானிக், ஆறு வருடம் ஆகிறது. எங்கள் குவாட் பைக்குகளில் பெரும்பாலும் பின்னால் செயின், இரண்டு டயருக்கும் ஒரே நேர் ஆக்சில். அதில் இந்த ஜாயிண்ட் கிடையாது, போனால் பேரிங்தான் போகும். ஆனால் மணலில் ஓட்டும் பக்கி (buggy) வண்டிகளில் உங்கள் கதையேதான், வாரம் ஒன்றாவது வரும். மணலும் கிரீஸும் சேர்ந்தால் அரைக்கும் பசை மாதிரி. பூட் கிழிந்து ஒரு நாள் ஓடினால் போதும்.

முதலில் ஒரு விஷயம். இந்த முறை சத்தம் ஆக்சிலிலிருந்துதானா என்று பாருங்கள். வண்டியைத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட்.

பழைய ஆக்சிலின் வெளி ஜாயிண்டைப் பிரிப்பது கஷ்டமில்லை. வைஸில் தண்டைப் பிடித்து, உள் வளையத்தைப் பித்தளைக் கட்டையால் தட்டினால் கழன்று வரும், இரும்புச் சுத்தியல் வேண்டாம். உள்ளே ஆறு பால் (இரும்புக் குண்டு). அவற்றைப் பிடித்திருக்கும் கேஜைச் சாய்த்து ஒவ்வொன்றாக எடுக்கணும். எது எந்தக் குழியில் இருந்தது என்று பெயிண்டால் குறித்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு, பால் ஓடும் தடத்தில் நகத்தால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் புது பூட், மாலிப்டினம் கலந்த கருப்பு கிரீஸ், கிளிப், அவ்வளவுதான். நகம் தடுக்கினால் கிரீஸ் வைத்தியம் பலிக்காது, தூக்கிப் போடுங்கள். சேசிஸுக்கு அடிக்கிற சாதாரண கிரீஸை இதில் வைக்க வேண்டாம்.

மலிவு ஆக்சிலை ஒரேயடியாகத் திட்டாதீர்கள். எங்கள் முதலாளி இரண்டை எப்போதும் ஷெல்ஃபில் வைத்திருப்பார். ஓட்டுகிறவர்கள் அப்படி.

மிளகுக்கொடி (ஏற்காடு)

எனக்கு நானே வரவழைத்துக்கொண்ட வினை. காபித் தோட்டத்தில் உர மூட்டை ஏற்ற ஒரு 4x4 ஏ.டி.வி. இருக்கிறது. பாறையில் அடி தட்டுகிறது என்று 2 அங்குலம் உயர்த்தும் கிட் போட்டு, பெரிய டயரும் மாட்டினேன். பார்க்க கம்பீரமாகத்தான் இருந்தது. ஆக்சில் ஜாயிண்ட் அதிகக் கோணத்தில் மடங்கியபடியே சுற்றும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரே வருடத்தில் மூன்று பூட், ஒரு முழு ஆக்சில்.

ஆக்சில் விலை 40,000 ரூபாய் என்றார்கள், வந்து சேர ஆறு வாரம். இந்த வண்டி ரோட்டில் ஓட்டுகிற வண்டியும் இல்லை. சின்ன லோடு வண்டியில் ஏற்றி 20 கொண்டை ஊசி வளைவு இறக்கிச் சேலம் கொண்டுபோக, திரும்பக் கொண்டுவர வாடகை தனி. அடுத்த முறை புத்தி வந்து, ஆக்சிலை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் எடுத்துப்போனேன். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். சேலத்தில் ஒரு பழைய மெக்கானிக், தண்டையும் கிண்ணத்தையும் காலிப்பரில் அளந்துவிட்டு, சின்னக் கார் ஒன்றின் பூட்டை எடுத்து வாய் ஓரத்தை வெட்டிப் பொருத்திக் கொடுத்தார். 650 ரூபாய். எட்டு மாதமாகக் கிழியாமல் நிற்கிறது. கிட்டையும் கழற்றிவிட்டேன். பாறையில் அடி தட்டினால் தட்டட்டும்.

பனிக்காட்டான்

தம்பி, நீங்கள் சொன்னபடி ஆட்டிப் பார்த்தேன், அந்தப் பக்கச் சில்லு ஆடவில்லை. மலிவு அக்ஸிலின் பூட்தான் குளிரில் விறைத்துச் சுற்றிவர வெடித்திருக்கிறது. இந்த முறை ஒரு கிழமைக்குள் கண்டுபிடித்ததால் மூட்டு தப்புமோ தெரியாது, பிரித்தால்தான் தெரியும்.

பழையதைக் கராஜில் பிரித்தேன். ஐந்து போல் குண்டு கையில், ஆறாவது உருண்டு டீப் ஃபிரீசருக்குக் கீழே போய்விட்டது. மனைவி விளக்குமாற்றுத் தடியால் தள்ளித் தந்தா. நகத்தால் தடவினேன். மூன்று தடத்தில் தெளிவாகத் தடுக்கியது. ஆனால் தண்டும் உள் மூட்டும் நன்றாக இருக்கின்றன, அன்றைக்குக் கழன்றதைத் திரும்பப் பூட்டிவிட்டேன். வெளி மூட்டு மட்டும் பூட், கிறீஸ், கிளிப்போடு பெட்டியாக 85 டொலருக்குக் கிடைக்கிறது, சொல்லி வைத்திருக்கிறேன்.

இடப்பக்க பூட் இன்னும் அப்படியே. 40 டொலர். வருகிற சனிக்கிழமை அதையும் மாற்றிவிட்டுத்தான் விறகுக்குப் போவது.