எஃப்.டி.ஏ. என்ற மூன்று எழுத்து: ஆஸ்திரேலிய ஆஸ்பத்திரி அனுபவங்கள்

பிரிஸ்பேன், நர்ஸ் (சொந்த ஊர் மதுரைப் பக்கம்):

கிட்னி அவுட்பேஷண்ட் பிரிவில் சேர்ந்த புதிதில், அன்றைய லிஸ்ட்டைத் திறந்தால் சில பெயர்களுக்கு எதிரே எஃப்.டி.ஏ. என்று இருக்கும். 'ஃபெயில்டு டு அட்டெண்ட்', அதாவது வரச்சொன்ன நாளில் ஆள் வரவில்லை என்று அர்த்தம். இரண்டு முறை அப்படி விழுந்தால் பெயரை எடுத்துவிட்டு, குடும்ப டாக்டருக்கு ஒரு கடிதம் அனுப்பிவிடுவார்கள். அவர் மறுபடி ரெஃபரல் எழுத வேண்டும், மறுபடி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் கிரியாட்டினின் (கிட்னி கெடக் கெட ரத்தத்தில் ஏறும் கழிவு) எங்கேயோ போயிருக்கும்.

அந்தப் பெயர்களில் பாதி அபோரிஜினல் மக்களுடையவை, அதாவது இந்த நாட்டுப் பூர்வகுடிகளுடையவை என்று தெரிந்துகொள்ளவே எனக்குச் சில மாதம் ஆனது. அவர்கள் எல்லாம் பாலைவனத்தில், ஊருக்கு அப்பால் இருப்பவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருநகரங்களில்தான் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டே ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்காமல் இருக்கிறார்களே, அக்கறை இல்லையோ என்று நானும் பேசியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா. ஆன்ட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நம் ஊரில் தெருவில் போகிறவரையெல்லாம் ஆன்ட்டி என்போம். அவர்களிடம் அது மூத்தவருக்குக் கொடுக்கும் மரியாதை, சும்மா வந்துவிடாது. அவருக்கு இரண்டு எஃப்.டி.ஏ. விழுந்திருந்தது. போன் பண்ணினால் நம்பர் மாறியிருந்தது. எங்களோடு வேலை பார்க்கும் அபோரிஜினல் ஹெல்த் ஒர்க்கர்தான் விசாரித்து வந்தார். முதல் கடிதம் போனது அவர் முன்பு தங்கியிருந்த தங்கை வீட்டுக்கு. இரண்டாவது தேதியில் சொந்தத்தில் ஒரு சாவு. சாவு என்றால் நம்மைப் போலத்தான், போகாமல் இருக்க முடியாது. காரியமெல்லாம் முடியப் பல நாள் ஆகும். இது போக, எங்கள் கட்டடத்துக்கு வர ஒரு ரயில், இரண்டு பஸ். கூடவே பேரப்பிள்ளைகள், அவர்களை விட்டுவர ஆள் கிடையாது.

இதையெல்லாம் சரி செய்துவிடலாம். இன்னொன்றையும் ஆன்ட்டி பிறகு என்னிடம் சொன்னார். அவருடைய அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் பிரசவம் பார்த்தார்களாம். உள்ளே கட்டில் தரவில்லை. அபோரிஜினல் பிள்ளைகளை அரசாங்கமே பிடுங்கிக்கொண்டு போன காலம் அது. ஆஸ்பத்திரி வாசனை வந்தாலே வயிற்றைப் பிசையும் என்றார்.

எங்கள் டாக்டர் மாதம் ஒருநாள் அவர்கள் பகுதிக் கிளினிக்குக்குப் போக ஆரம்பித்தார். நானும் கூடப் போனேன். முதல் நாளே ஆன்ட்டி வந்துவிட்டார், மூன்று பேரப்பிள்ளைகளோடு. டாக்டர் ரிப்போர்ட்டைக் கையில் எடுக்கவே இல்லை. உங்க ஆளுங்க எந்தப் பக்கம் என்று கேட்டார். நீ எந்த ஊரு, யார் வீட்டுப் புள்ள என்று நம் கிழவிகள் கேட்பார்களே, அதேதான். பத்து நிமிடம் அந்தப் பேச்சு ஓடியது. பிறகுதான் கிட்னிக்கு வந்தார்.

இது புதிதாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை. எங்கள் ஊரிலேயே இனாலா பகுதியில் 1995இல் டாக்டர் நோயல் ஹேமன் பொறுப்பேற்றபோது, அங்கிருந்த பொதுக் கிளினிக்குக்கு வந்துபோன அபோரிஜினல் நோயாளிகள் 12 பேர்தானாம். அவரும் அபோரிஜினல்தான். ஏன் வருவதில்லை என்று மக்களிடமே போய்க் கேட்டார். சிடுசிடுப்பு, குழந்தை சத்தம் போட்டால் முறைப்பு, எங்களுடையது என்று சொல்லிக்கொள்ளச் சுவரில் ஒரு படம்கூட இல்லை என்று பதில் வந்தது. அவர்கள் ஆட்களையே வேலைக்கு வைத்து, அவர்கள் ஓவியத்தை மாட்டி, அவர்கள் ரேடியோவைப் போட்ட பிறகு கூட்டம் வந்தது.

சிட்னி, மருந்துக்கடை:

நீங்க ஒரு மூணு எழுத்து சொன்னீங்க, என் கவுண்டர்ல வேற மூணு எழுத்து. சி.டி.ஜி., 'குளோசிங் த கேப்'. 2010 ஜூலைல வந்த திட்டம். அப்போ டாக்டர் சீட்டுல அது இருந்தா, சலுகை அட்டை வச்சிருக்கிற அபோரிஜினல் நோயாளிக்கு மருந்து இலவசம். அட்டை இல்லாதவங்களுக்குச் சலுகை விலை. எழுத மறந்துட்டா நான் வழக்கமான தொகையைக் கேக்க வேண்டியிருந்துச்சு. ஒரு அங்கிள், இதய நோயாளி, அஞ்சு மருந்து. ஸ்பெஷலிஸ்ட் சீட்டுல எழுத்து இல்ல. தொகையைச் சொன்னேன். பிரஷர் மாத்திரையை மட்டும் எடுத்துக்கிட்டு மத்ததைக் கவுண்டர்லயே தள்ளி வச்சுட்டார். சண்டை போடல, ஒண்ணும் கேக்கல. அதுதான் எனக்கு ஆறல. 2021 ஜூலைலேர்ந்து பதிவு மெடிகேர் (அரசாங்க மருத்துவக் காப்பீடு) கம்ப்யூட்டர்லயே இருக்கு, சீட்டுல எழுதத் தேவையில்ல. பதினோரு வருஷம் கழிச்சு!

மெல்பேர்ண், கிளினிக் ரிசெப்ஷன்:

என்ர பிழை ஒண்டை எழுதி வைக்கிறன். புதுசா ஆர் வந்தாலும் நீங்கள் அபோரிஜினல் அல்லது டொரஸ் நீரிணைத் தீவு வழியில வந்தவரோ எண்டு கேக்க வேணும். எல்லாரிட்டயும். எனக்கு அது வாயில வராது. செக்பொயின்ற்றில 'நீ ஆர்' எண்ட கேள்வியைக் கேட்டுக் கேட்டு வளந்தனான், இன்னொருத்தரிட்ட எப்பிடிக் கேக்கிறது? அதால முகத்தைப் பாத்துப்போட்டு 'இல்லை' எண்டு நானே போட்டுவிடுவன்.

அப்பிடிப் போட்ட ஒரு ஐயா, வெள்ளைத் தோல், சீனி வருத்தக்காரர். எங்களிட்ட விழித்திரையைப் படம் எடுக்கிற கமரா இருக்கு. 2016 நவம்பரில இருந்து அதுக்கு மெடிகேர் காசு குடுக்குது: அபோரிஜினல் ஆக்களுக்கு வருசத்துக்கு ஒருக்கா, மற்ற ஆக்களுக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா. நான் போட்ட 'இல்லை'யால அவருக்கு ரெண்டு வருசம் கழிச்சுத்தான் தவணை கிடைச்சது. படத்தில இரத்தக் கசிவு தெரிஞ்சது. டொக்டரோட கதைக்கேக்கதான் தன்ர அம்மம்மா ஆர் எண்டதைச் சொல்லியிருக்கிறார். ஏன் முதலே சொல்லேல்லை எண்டதுக்கு, ஒருத்தரும் கேக்கேல்லை எண்டாராம். இப்ப எல்லாரிட்டயும் கேக்கிறன். இண்டைக்கு வரைக்கும் ஆரும் கோவிச்சதில்லை.

பிரிஸ்பேன், நர்ஸ்:

மெல்பேர்ண் அக்கா, இதை எழுதினதுக்கு நன்றி. எங்கள் லிஸ்ட்டிலும் எத்தனை 'இல்லை' இப்படி விழுந்ததோ.

ஆன்ட்டி எப்படி இருக்கிறார் என்று தனியாகச் சிலர் கேட்டிருந்தீர்கள். கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைப்பது) போட்டாயிற்று, டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. அடுத்த பார்வை வியாழக்கிழமை. கிளினிக் வேன் டிரைவர் ஒன்பதரைக்கு வாசலில் நிற்பார். பேரன் லீவு என்றால் அவனுக்கும் ஒரு சீட் உண்டு.