பொருள்: 'டனல்' (tunnel) - வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். சமுதாய வானொலிப் பயிற்சிக் கையேட்டில் ஒரே ஒரு பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். கல்லூரி விழாவை அங்கிருந்தே நேரலையாக நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். கல்லூரியின் தீயரண் (firewall, வலையமைப்பின் காவல்) 22, 443 என்ற எண்ணுள்ள துறைகளில் (port, இணைப்பு வாயில்) மட்டும் வெளியே போக விடுகிறது. ஒலியை இணையத்தில் பரப்பும் மென்பொருளான ஐஸ்காஸ்ட்டின் 8000ஆம் துறை நகராது. ஆகவே எஸ்எஸ்எச்சில் (SSH, தொலைக் கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் முறை) ஒரு டனல். மடிக்கணினி தன்னுடைய 8000க்கே ஒலியைத் தருகிறது. அது மறையாக்கப்பட்டு 22 வழியே போய் நிலையத்து வழங்கியில் (server) விழுகிறது. 'சுரங்கம்' என்று எழுதினேன். வகுப்பில் ஒரு பையன், "நெய்வேலியா மேடம்?" என்றான்.
- மீ.

அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறதே: சுருங்கை, அதாவது மறைவழி. சிலப்பதிகாரம், ஊர்காண் காதை பாருங்கள். கோவலன் மதுரைக் கோட்டை வாயிலை அடைவது யானைக் கூட்டம் போகும் 'சுருங்கை வீதி' வழியாகத்தான். அரண் இருக்கும் இடத்தில் சுருங்கையும் இருக்கும். வேர், சுருங்கு.
- சொ.

ஐயா, 'சுருங்கை வீதி மருங்கில்' என்றுதான் பாடம். கோவலன் பக்கமாகப் போனான். உள்ளே போனவை யானைகள். வேரும் அவ்வளவு எளிதில்லை. வடமொழியில் 'சுருங்கா' உண்டு. அது கிரேக்கச் 'சிரிங்ஸ்' என்பாரும் உண்டு. சிரிங்ஸ் என்றால் ஊதுகுழல்! அப்படியானால் 'காப்புக்குழல்' என்றே வைத்துவிடலாமே. போவதும் ஒலிதானே.
- ந.

யவனர் நம்மிடமிருந்து கொண்டுபோயிருக்கக் கூடாதா?
- சொ.

குழல் வேண்டாம். லினக்ஸ் இயங்குதளத்தில் 'பைப்' (குழல்) என்பது ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குத் தரும் வேறு சமாச்சாரம், குழப்பம் வரும். இன்னொன்று: இந்த வகை எஸ்எஸ்எச் டனல் டிசிபியை (TCP, தரவு தவறாமல் சேர்ந்ததா என்று பார்த்து அனுப்பும் முறை) மட்டுமே சுமக்கும். ஐஸ்காஸ்ட்டுக்கு அது போதும். ஆர்டிபி (RTP, நேரலை ஒலிக்கான நெறிமுறை) ஒலி யூடிபியில் (UDP, சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை) வந்தால் வயர்கார்ட் என்ற இன்னொரு வகை டனல் மாதிரி ஏதாவது வேண்டும். தீயரண் யூடிபியையே அடைத்திருந்தால் அதுவும் போகாது. சொல் எதுவானாலும் இரண்டுக்கும் பொதுவாக இருக்கட்டும். உண்மையைச் சொன்னால், நேரலைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நாங்கள் "டனல் போட்டாச்சா?" என்றுதான் கத்துவோம். "சுருங்கை போட்டாச்சா?" என்று யாரும் கேட்கப் போவதில்லை.
- ரா.

கத்திப் பழகினால் வரும், தம்பி. 'கணினி' வரவில்லையா?
- சொ.

வீட்டில் இன்னும் 'கம்ப்யூட்டர்'தான், ஐயா.
- ரா.

எல்லோருக்கும் நன்றி. தனிமடல்களையும் சேர்த்து எண்ணினால் 'சுரங்கவழி'க்கு நான்கு பேர், சுருங்கைக்கு ஒருவர், குழலுக்கு ஒருவர், 'டனல்' என்றே விட்டுவிடு என்று ஒருவர். 'சுரங்கவழி' என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் 'சுருங்கை' சேர்த்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.
- மீ.

அடைப்புக்குறிக்குள் யானை கொள்ளாது, அம்மா. அப்புறம், 'தீயரண்' என்று யார் முடிவு செய்தது? 'தீச்சுவர்' அல்லவா?
- சொ.

அதற்குத் தனி இழை தொடங்குங்கள், ஐயா.
- ந.